புல்லா, வைக்கோலா, தானியமா: கறி மாட்டுக்கு எந்தத் தீவன வழி?

கறிக்காக மாடு வளர்க்க இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது "எந்தத் தீவனம் மலிவு?" என்றுதான். கேள்வியில் தவறில்லை. ஆனால் தீவனத்தின் கிலோ விலையை மட்டும் வைத்து முடிவெடுத்தால் கணக்கு கடைசியில் உதைக்கும். பார்க்க வேண்டியது, மாட்டின் எடை ஒரு கிலோ கூட என்ன செலவாகிறது என்பதை. அந்தச் செலவில் பாதிக்கு மேல் பலர் கண்ணில் படுவதே இல்லை. மாடு சும்மா நிற்பதற்கும் தின்றாக வேண்டுமே!

நடுத்தர உடல்வாகுள்ள, காயடித்த 400 கிலோ காளை ஒன்றை எடுத்துக்கொள்வோம். எடை கூடாமல் குறையாமல் அப்படியே இருக்க அதற்கு நாளொன்றுக்குச் சுமார் 6.9 மெகாகலோரி நிகர எரிசக்தி, அதாவது செரிமானத்தில் வீணானது போக உடலுக்குப் பயன்படும் ஆற்றல், தேவை. 1968-இல் லாஃப்கிரீன், காரெட் என்ற இருவர் வகுத்த முறை இது. இறைச்சி மாட்டுத் தீவனக் கணக்கு இன்றும் பெரும்பாலும் இதன் மேல்தான் நிற்கிறது. அந்த வழியில் வந்த சமன்பாட்டின்படி, இந்தக் காளை நாளைக்கு அரை கிலோ எடை கூட இன்னும் 2.3 மெகாகலோரி போதும். 1.4 கிலோ கூட வேண்டுமானால் 7.2 தேவை.

இப்போது இதன் எடையில் 100 கிலோ ஏற்ற வேண்டும் என்று வையுங்கள். அரை கிலோ வீதம் போனால் 200 நாள். 1.4 கிலோ வீதம் போனால் 71 நாள். இடைவெளி 129 நாள். அந்த 129 நாளும் உயிரைக் காப்பதற்கு மட்டும் 890 மெகாகலோரி போகிறது. நடுத்தரத் தரமுள்ள புல்லில் இதை ஈடுகட்டக் கிட்டத்தட்ட 685 கிலோ உலர்பொருள் (தண்ணீர் நீங்கலான தீவன எடை) வேண்டும். பச்சைப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதால், ஈரப் புல்லாக அது ஏறத்தாழ 3.4 டன். இத்தனையும் ஒரு கிராம் எடைகூடக் கூட்டாத புல்.

அப்படியானால் தானியம் போட்டு விரைவாக முடிப்பதுதான் கெட்டிக்காரத்தனமா? அவசரப்பட வேண்டாம். அந்த 3.4 டன் புல்லை அறுப்பது யார்? மாடே நடந்துபோய் மேய்ந்துகொண்டால் அதில் உங்களுக்கு ஆகும் செலவு சொற்பம். நாள் கூடினாலும் பெரிதாக வலிக்காது. நீங்கள் அறுத்து, சுமந்து, நறுக்கி, தொட்டியில் கொட்டுகிறீர்கள் என்றால் அந்த மெதுவான வளர்ச்சியே கையைக் கடிக்கும். எந்த வழி தோது என்பதை முதலில் தீர்மானிப்பது இதுதான். மாட்டின் இனம், சந்தை, இடவசதி எல்லாம் இதற்கு அப்புறம்.

மேய்ச்சல்

மேய்ச்சலின் பெரிய பலம், மாட்டுக்கே பொறுக்கித் தின்னத் தெரியும் என்பது. ஒரு வயல் புல்லை அறுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் 9 சதவீதம் புரதம் காட்டலாம். அதே வயலில் மேயும் மாட்டின் வாய்க்குள் போவது அதைவிடச் சத்தானது. தண்டை விட்டுவிட்டு இலை நுனியாகப் பார்த்துக் கடிக்கும். ஆனால் இடத்துக்கு மீறி மாட்டை அடைத்தால் இந்தச் சலுகை போய்விடும். கிடைத்ததைத்தான் அது தின்னும்.

புல்லின் வயதுதான் இங்கே எல்லாமே. இளம் இலைப் பருவத்தில் பல புற்களில் புரதம் 12 சதவீதத்துக்கு மேல் இருக்கும். பூத்து விதை பிடித்த பிறகு அது 6, 7 என்று இறங்கிவிடும். ஏறத்தாழ 7 சதவீதத்துக்குக் கீழே போனால் மாட்டின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்களுக்கே தழைச்சத்து (புரதத்தில் உள்ள நைட்ரஜன்) போதாது. அவை சோர்ந்தால் நார் மெதுவாகச் செரிக்கும், வயிறு காலியாக நேரமாகும், மாடு குறைவாகத் தின்னும். காடு முழுக்கப் புல் நிற்கும், மாடு மட்டும் தேறாது. "கண்ணுக்கு எட்டிய தூரம் புல் இருக்கே, ஏன் எலும்பு தெரிகிறது?" என்பவர்களுக்குப் பெரும்பாலும் விடை இதுதான்.

இலையாக நிற்கும் நல்ல புல்லில், வயலைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்த்தால் நாளைக்கு 0.8 கிலோவைத் தாண்டி எடை கூடுவது உண்டு. முற்றிய புல்லில் அரை கிலோவே பெரிய பாடு. மேய்ச்சலுக்கென்றே உள்ள தொந்தரவுகளும் உண்டு. குடற்புழுவைக் கவனிக்காவிட்டால் தின்றதில் ஒரு பங்கு அதற்குப் போய்விடும். குதிரை மசால் போன்ற பயறு வகைத் தீவனம் இளசாக நிற்கும் வயலில் பசித்த மாட்டை அவிழ்த்துவிட்டால் நுரை கட்டி வயிறு உப்பும். இடது விலா மேட்டில் பந்து போல எழுந்த வீக்கத்தைக் கவனிக்காவிட்டால் சில மணி நேரத்தில் மாடே போய்விடும். முதலில் உலர்தீவனம் போட்டு அரை வயிறு நிரப்பிவிட்டு அனுப்புவது நல்லது. வறட்சியில் வாடிய சோளப் பயிரும், அதன் இளந்துளிரும் இன்னொரு ஆபத்து. முன்னதில் நைட்ரேட், பின்னதில் சயனைடு. இரண்டுமே நின்ற இடத்தில் சாய்க்கக் கூடியவை.

புல்லிலேயே முடித்த மாட்டின் கொழுப்பு மஞ்சளாக இருக்கும். புல்லில் உள்ள பீட்டா கரோட்டின்தான் காரணம். நோயும் இல்லை, கிழட்டு மாடு என்பதற்கு அடையாளமும் இல்லை. ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களின் பங்கும் தானியத்தில் முடித்ததைவிட அதில் கூடுதல். வாங்குகிறவர் இதற்கு மதிப்புக் கொடுக்கிறாரா, மஞ்சள் கொழுப்பைப் பார்த்து முகம் சுளிக்கிறாரா என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது உத்தமம்.

கொட்டிலில் வைக்கோலும் தட்டையும்

பயிர்க்கழிவு கையில் இருப்பவர்களுக்கு இந்த வழிதான் முதலில் தோன்றும். இதைத்தான் அதிகம் பேர் தவறாகச் செய்கிறார்கள் என்பது என் எண்ணம்.

தானியப் பயிர்களின் வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தான். 400 கிலோ மாடு வைக்கோலை மட்டும் தின்றால் உடல் எடையில் 1.5 சதவீதம், அதாவது 6 கிலோ உள்ளே போகும். உடலைக் காக்க உதவும் நிகர எரிசக்தி அதில் கிலோவுக்கு ஒரு மெகாகலோரிகூடத் தேறாது. தேவையோ 6.9. ஆக, வயிறு முட்டத் தின்றும் மாடு இளைக்கும்.

இந்த இடத்தில் பலரும் எடுக்கும் முடிவு, வைக்கோலோடு இரண்டு மூன்று கிலோ தானிய மாவைச் சேர்ப்பது. எரிசக்திதானே குறைவு, தானியத்தில் அது இருக்கிறது என்று தோன்றும். ஆனால் வைக்கோல் தின்னும் வயிற்றில் முதலில் தட்டுப்படுவது தழைச்சத்து. எரிசக்தி அதற்கு அடுத்ததுதான். நுண்ணுயிருக்குத் தழைச்சத்து இல்லாத நேரத்தில் மாவுச்சத்தைக் கொட்டினால், மாவைச் செரிக்கும் கூட்டம் பெருகி இருக்கிற கொஞ்ச தழைச்சத்தையும் எடுத்துக்கொள்ளும். நாரைச் செரிக்கும் கூட்டம் பின்தங்கும். மாடு வைக்கோலைக் குறைத்துக்கொள்ளும். தானியத்துக்குப் போட்ட காசில் ஒரு பகுதி, தின்னாமல் விட்ட வைக்கோலுக்குப் பதிலாகத்தான் போயிருக்கும்.

எனவே முதலில் புரதம், பிறகு தானியம். முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ பிண்ணாக்கு கொடுத்தாலே பல மாடுகள் முன்பைவிடக் கூடுதலாக வைக்கோல் தின்னத் தொடங்கும். தொட்டியில் மிஞ்சுகிற அளவைப் பார்த்தே இது தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் எடை போதவில்லை என்றால் தானியம் சேர்க்கலாம். அப்போதும் உடல் எடையில் அரை சதவீதத்துக்குள், அதாவது 400 கிலோ மாட்டுக்கு 2 கிலோவுக்குள் நிறுத்திக்கொண்டால் நார்ச் செரிமானம் பெரிதாக அடிபடாது. இதைத் தாண்டப் போகிறீர்கள் என்றால் அரைகுறையாக நிற்காமல் நேரே தானிய வழிக்கே போய்விடுங்கள். 3, 4 கிலோ தானியமும் மீதி வைக்கோலுமாக இழுப்பதில் இரண்டு வழிகளின் குறையும் வந்து சேரும், நிறை சேராது.

புரதத்துக்குப் பிண்ணாக்கா யூரியாவா என்பது இதற்குள் வரும் சின்ன முடிவு. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து; புரதக் கணக்கில் அது 287 சதவீதத்துக்குச் சமம். எனவே ஒரு கிலோ யூரியா, 44 சதவீதப் புரதமுள்ள சோயாப் பிண்ணாக்கு ஆறரைக் கிலோவின் தழைச்சத்தைத் தரும். ஆனால் தழைச்சத்தைத் தவிர வேறு எதையும் தராது. மொத்த உலர்பொருளில் ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நாளைக்கு 10 கிலோ உலர்பொருள் தின்னும் மாட்டுக்கு 100 கிராம்தான் எல்லை. அதையும் இரண்டு மூன்று வாரம் எடுத்துச் சிறிது சிறிதாகத்தான் பழக்க வேண்டும். மொலாசஸோ (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) கொஞ்சம் தானியமோ கூடவே போக வேண்டும். அசைபோடும் பழக்கம் முழுதாக வராத இளங்கன்றுக்கு யூரியா ஆகாது. வறுக்காத பச்சைச் சோயாவோடு சேர்த்துக் கலக்கவே கூடாது; அதிலுள்ள யூரியேஸ் என்ற நொதி யூரியாவைச் சடாரென்று அம்மோனியாவாக உடைத்துவிடும். தீவனம் தின்ற அரை மணி, ஒரு மணி நேரத்தில் மாடு எச்சில் வழிய, உடல் நடுங்க நிற்கிறது என்றால் யூரியா நஞ்சு என்று சந்தேகப்படுங்கள். கால்நடை மருத்துவரை உடனே கூப்பிடுங்கள். வினிகரும் நிறையக் குளிர்ந்த நீரும் உள்ளே செலுத்துவதுதான் வழக்கமான முதல் சிகிச்சை.

இத்தனை கவலை வேண்டாம் என்பவர்களுக்கு, யூரியாவை மாட்டுக்கு நேராகக் கொடுக்காமல் வைக்கோலுக்குக் கொடுக்கும் முறை இருக்கிறது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 முதல் 65 லிட்டர் தண்ணீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடி வைப்பது. திறக்கும்போது அம்மோனியா நெடி மூக்கைத் துளைக்கும், வைக்கோல் பழுப்பேறி மெத்தென்று இருக்கும். அன்றன்றைக்கு வேண்டியதை எடுத்துக் கொஞ்ச நேரம் ஆற வைத்துப் போட்டால் மாடு விரும்பித் தின்னும். புரதம் ஏறத்தாழ இரட்டிப்பாகும், செரிமானமும் கூடும். வேலை இருக்கிறதுதான். ஆனால் வைக்கோலை நம்பியே மாடு வைத்திருப்பவருக்கு இதைவிடப் பலன் தரும் வேலை அதிகம் இல்லை.

சைலேஜ்

ஊறுகாய்ப்புல் என்று சொல்லப்படும் சைலேஜ், புல்லுக்கும் தானியத்துக்கும் நடுவில் நிற்கிறது. மக்காச்சோளத்தைக் கதிரோடு, உலர்பொருள் 30 முதல் 35 சதவீதம் இருக்கும் பருவத்தில் அறுத்து, பொடியாக நறுக்கி, காற்று வெளியேற அழுத்தி மூடினால் நல்ல சைலேஜ் வரும். கதிர் உள்ளே இருப்பதால் எரிசக்தி தாராளம். புரதம் 8 சதவீத அளவில்தான் என்பதால் பிண்ணாக்கு சேர்த்தே ஆக வேண்டும். சேர்த்தால் நாளைக்கு ஒரு கிலோ எடை என்பது எட்டக் கூடிய இலக்கே. ஒரே ஒரு நிபந்தனை: திறந்த முகப்பிலிருந்து தினமும் ஓர் அடுக்கு எடுத்துத் தீரும் அளவுக்கு மாடு இருக்க வேண்டும். இரண்டு மாட்டுக்காகப் பெரிய குழி வெட்டியவர்கள் பாதியைப் பூசணத்துக்குத்தான் கொடுப்பார்கள்.

தானியம்

மக்காச்சோளத்தில் கிலோவுக்கு 2.2 மெகாகலோரி அளவுக்கு, உடலைக் காக்கும் நிகர எரிசக்தி இருக்கிறது. நடுத்தரப் புல்லில் இருப்பது 1.3 என்றாலும் வித்தியாசம் இத்தோடு நிற்பதில்லை. எடை கூட்டும் வேலைக்கு வரும்போது தானியம் 1.5 அளவிலும் புல் 0.7 அளவிலும் இருக்கும். அதனால்தான் முன்னே சொன்ன காளைக்கு ஒரு கிலோ எடை கூடத் தானியத் தீவனம் 6, 7 கிலோ உலர்பொருள் போதுமாக இருக்கும்போது, அரை கிலோ வீதம் கூடும் புல் மாட்டுக்கு 17 கிலோ ஆகிறது. மாடு ஏப்பமாக விடும் மீத்தேனும் இதில் குறைவு: புல், வைக்கோல் தின்னும் மாடு தீவனத்தின் மொத்த ஆற்றலில் 6 சதவீதம்போல வாயுவாக இழக்கிறது, தானியம் மிகுந்த தீவனத்தில் 3 சதவீதம்போல.

எண்களைப் பார்த்தால் போட்டியே இல்லை என்று தோன்றும். ஆனால் இந்த வழியில் ஒரு நாள் அசட்டை ஒரு மாதச் சம்பாத்தியத்தைக் கொண்டுபோகும். மாவுச்சத்து வேகமாகப் புளித்து அமிலம் குவிந்தால், முதல் இரைப்பையின் அமில-கார அளவு 6-க்கு மேல் இருக்க வேண்டியது 5.6-க்குக் கீழே இறங்கும். 5-ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. கோதுமையும் பார்லியும் மக்காச்சோளத்தைவிட வேகமாகப் புளிப்பவை. மாவாக அரைத்தது, உடைத்ததைவிட வேகம். குருணையாக உடைப்பது போதும், மாவாக்க வேண்டாம். சோளத்தை மட்டும் உடைக்காமல் போட்டால் பெரும்பகுதி அப்படியே சாணத்தில் வந்துவிடும்.

பழக்குவதற்கு மூன்று வாரம் ஒதுக்குங்கள். பாதிக்கு மேல் உலர்தீவனத்தோடு தொடங்கி, ஐந்தாறு நாளுக்கு ஒரு படியாகத் தானியத்தை ஏற்றி, கடைசியில் நார்த்தீவனத்தை 10 முதல் 15 சதவீதத்தில் நிறுத்துவது வழக்கம். அந்தக் கடைசிப் பத்து சதவீதத்தை மிச்சம் பிடிக்க ஆசைப்படாதீர்கள். அசைபோட வைப்பதும், அதனால் சுரக்கும் உமிழ்நீரால் அமிலத்தைத் தணிப்பதும் அதுதான்.

அமிலம் ஏறுவதை முதலில் சொல்வது சாணம். தளர்ந்து, சாம்பல் நிறம் ஏறி, நுரைக் குமிழ்களோடு, இடையிடையே தானியம் தெரிய விழும். அடுத்தது தொட்டி. நேற்று துடைத்துத் தின்ற கூட்டம் இன்று பாதியை மிச்சம் வைத்து, நாளை மறுபடி பாய்ந்து தின்றால் உள்ளே ஏதோ சரியில்லை. படுத்திருக்கும் மாடுகளில் பாதியாவது அசைபோடுகின்றனவா என்று பாருங்கள். ஒரு வேளை தீவனம் தவறிவிட்டால் அடுத்த வேளை சேர்த்து இரட்டிப்பாகப் போடுவது எல்லோருக்கும் இயல்பாக வரும் யோசனை. பல கொட்டில்களில் அமில நோய் தொடங்குவதே அந்த வேளையில்தான்.

சிலர் மொனென்சின் என்ற மருந்தைத் தீவனத்தில் சேர்ப்பார்கள். முதல் இரைப்பையின் நுண்ணுயிர்க் கூட்டத்தை மாற்றி, அதே எடையைக் குறைந்த தீவனத்தில் தரும். அமிலத்தையும் ஓரளவு அடக்கும். சில நாடுகளில் அனுமதி உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் இதை வளர்ச்சியூக்கியாகத் தீவனத்தில் சேர்ப்பதை 2006-லிருந்து தடுத்துவிட்டது. குதிரை இருக்கும் பண்ணையில் அந்தத் தீவனத்தைப் பூட்டியே வைக்க வேண்டும். மாட்டுக்குக் கலந்த தீவனமே குதிரையைக் கொன்றுவிடக் கூடும்.

தானியத்தில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதிகம், சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு. அதைச் சரிக்கட்டாவிட்டால் காயடித்த காளைகளுக்குச் சிறுநீர்ப் பாதையில் கல் அடைக்கும். சுண்ணாம்பும் மணியும் குறைந்தது ஒன்றரைக்கு ஒன்றாக வரும்படி சுண்ணாம்புக்கல் மாவு சேர்த்து, உப்பும் தண்ணீரும் தாராளமாக வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் அண்டாது.

எதை எடுப்பது

மேய நிலம் இருந்து, புல் இலையாக நிற்கும் காலமும் நீளமாக இருந்தால், தானியத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. விற்கும் வயது கூடும், அவ்வளவுதான். வைக்கோல் மட்டும் இருப்பவர் அதை வைத்து மாட்டைக் கொழுக்க வைக்கப் பார்க்கக் கூடாது. சினை மாட்டையும், வளரும் இளங்காளையையும் பராமரிக்க, முன்னே சொன்னபடி புரதம் சேர்த்து அதைப் பயன்படுத்தலாம். எல்லாவற்றையும் விலைக்கு வாங்குகிறவருக்கு மெதுவான வளர்ச்சி கட்டுப்படியாகாது. அவர் குறுகிய காலத் தானிய வழியையோ சைலேஜையோதான் பார்க்க வேண்டும்.

இரண்டையும் அடுத்தடுத்து வைப்பதுதான் என் விருப்பம். எலும்பும் தசையும் வளரும் பருவத்தில் புல், கடைசி 90 முதல் 120 நாள் தானியம். புல்லில் சற்று ஒடுங்கி வந்த மாடு நல்ல தீவனத்தைக் கண்டதும் வழக்கத்தைவிட வேகமாக எடை ஏறும். அந்த வேகம் உங்களுக்கு இலாபம். ஆனால் கன்றுப் பருவத்தின் முதல் சில மாதங்களில் பட்டினி கிடந்த மாடு பிறகு எதைப் போட்டாலும் முழுதாக ஈடுகட்டாது. ஒடுங்கலாம் என்பது அந்த வயதுக்குப் பொருந்தாது.

இனத்தையும் பார்க்க வேண்டும். ஆங்கஸ், ஹியர்ஃபோர்டு போன்றவை சீக்கிரம் கொழுப்பு வைப்பவை. அவற்றை இளவயதிலேயே தானியத்தில் ஏற்றினால் எடை சேரும் முன்னே கொழுத்துவிடும். புல்லில் காலம் தள்ளிவிட்டுக் கடைசியில் ஏற்றுவதுதான் சரி. சரோலே, லிமோசின் போன்ற பெரிய உடல்வாகுள்ள மாடுகள் புல்லை மட்டும் தின்றால் நீண்ட காலம் கொழுப்பே பிடிக்காமல் நிற்கும். பிராமன் வகைத் திமில் மாடுகள் வெயிலையும் தரம் குறைந்த நார்த்தீவனத்தையும் மற்றவற்றைவிடத் தாங்கும். மேய்ச்சலிலும் வைக்கோலிலும் அவை தரும் பலனை மற்ற இனங்களிடம் எதிர்பார்க்காதீர்கள்.

எந்த வழியில் போனாலும் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, காலையில் தீவனம் போடும் முன் எடை பாருங்கள். எடைமேடை இல்லையென்றால் மார்புச் சுற்றளவை அளக்கும் நாடாவே போதும்; எடை துல்லியமாக இராது, கூடுகிறதா நின்றுவிட்டதா என்பது தெரியும். வாலடியின் இருபுறமும் கொழுப்பு மெத்தையாகக் கைக்கு அகப்பட்டு, நெஞ்சடிச் சதை தொங்கத் தொடங்கிவிட்டால் அதற்கு மேல் ஏறுவதில் பெரும்பகுதி கொழுப்புதான். ஒரு கிலோ கொழுப்புக்கு ஆகும் தீவனம் ஒரு கிலோ சதைக்கு ஆவதைவிடப் பல மடங்கு. விலை ஏறட்டும் என்று அந்த மாட்டை இன்னும் ஒரு மாதம் நிறுத்த நினைப்பவர், அந்த மாதத்தின் தீவனச் செலவை எழுதி, எதிர்பார்க்கும் விலை ஏற்றத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு நிறுத்தட்டும்.